ஆட்டோகேடில் கீழ் டாலரன்ஸ் பிளஸ்ஸாக வர வேண்டும், எப்படிப் போட்டாலும் மைனஸ்தான் வருகிறது

திருமங்கலம்_டிராஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷினிங் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டிப்ளமோ படிக்கும்போது ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்திருக்கிறேன், ஆனால் டாலரன்ஸ் (ஒரு அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

விஷயம் இதுதான். ஒரு பம்ப் கவருக்குக் கன்மெட்டல் புஷ், அதாவது தண்டு உள்ளே உட்காரும் வெண்கல உருளை. புஷ்ஷின் வெளி விட்டம் 25 பி6, கவரில் உள்ள துளை 25 எச்7, அழுத்தி ஏற்ற வேண்டும். பி6, எச்7 என்பவை ஃபிட் குறியீடுகள், இரண்டு பொருளும் எவ்வளவு இறுக்கமாகச் சேர வேண்டும் என்பதற்கு. பட்டியலில் பார்த்தால் எச்7-க்கு மேலே +0.021 மில்லி, கீழே 0. பி6-க்கு மேலே +0.035, கீழே +0.022. அதாவது இரண்டுமே பிளஸ். டிம்ஸ்டைலில் (அளவுகள் எப்படித் தெரிய வேண்டும் என்று அமைக்கும் இடம்) மாடிஃபை கொடுத்து, டாலரன்ஸ் பக்கத்தில் மெத்தடை டீவியேஷன் என்று வைத்து, அப்பர் 0.035, லோயர் 0.022 என்று அடித்தேன். முதலில் மூன்றாவது தசமமே வரவில்லை, லோயர் 0.02 என்று நின்றது. பிரிசிஷனை, அதாவது தசம இலக்க எண்ணிக்கையை, மூன்றாக மாற்றியதும் வந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் முன்னால் நின்ற குறியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். +0.035, -0.022 என்று பிரிண்ட் போய்விட்டது.

12 புஷ் வெட்டியாகிவிட்டது. டர்னர் மேல் ஒரு தப்பும் இல்லை, டிராயிங்கில் இருந்ததைத்தான் வெட்டினார், 25.00 பக்கத்தில் எல்லாமே அழகாக வந்திருந்தன. கவரில் வைத்தால் கையாலேயே உள்ளே போகிறது, கவிழ்த்தால் விழுகிறது. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. ஒரு கவரையும் ஒரு புஷ்ஷையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாக அது அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது புதிதாக வெட்ட வேண்டும். நான் கேட்பது, கீழ் டாலரன்ஸைப் பிளஸ்ஸாக எப்படிக் கொண்டுவருவது? இன்னொன்று, ஸ்டைலில் மாற்றினால் படத்தில் இருக்கும் அத்தனை அளவுக்கும், சேம்ஃபருக்குக்கூட (விளிம்பில் வெட்டும் சரிவு), அதே டாலரன்ஸ் ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு அளவுக்கு மட்டும் போட வழி உண்டா? இப்போதைக்கு அளவை டபுள் கிளிக் செய்து, 25-ஐ அழித்துவிட்டு எல்லாவற்றையும் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அது பரவாயில்லையா?


புதூர்_வரைவாளர் எழுதியது:

தம்பி, இதில் மாட்டாத ஆள் குறைவு. நானும் பல வருடம் முன்னால் இதே இடத்தில்தான் மாட்டினேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

லோயர் பெட்டிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மைனஸ் ஏற்கனவே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 0.022 என்று அடித்தால் அது -0.022 என்று காட்டும். -0.022 என்று அடித்தால் மைனஸும் மைனஸும் சேர்ந்து +0.022 ஆகிவிடும். ஆக உங்கள் புஷ்ஷுக்கு அப்பர் 0.035, லோயர் -0.022. அவ்வளவுதான். அப்பர் பெட்டிக்கு முன்னால் இருப்பது பிளஸ், அதனால் இரண்டு பக்கமும் மைனஸ் வர வேண்டிய அளவுக்கு இது தலைகீழாகும். உதாரணமாக 25 ஜி6 தண்டு என்றால் மேலே -0.007, கீழே -0.020. அதற்கு அப்பரில் -0.007 என்றும் லோயரில் வெறும் 0.020 என்றும் அடிக்க வேண்டும். கட்டளை வரியில் மாற்றிப் பழகியவர்கள் டிம்டிபி, டிம்டிஎம் என்ற மாறிகளில் போடுவார்கள், அங்கேயும் குறி விஷயத்தில் இதே கணக்குதான்.

மூன்றாவது தசமம் காணாமல் போனதற்குக் காரணம், மெட்ரிக் டெம்ப்ளேட்டைத் திறந்தால் வரும் ஐஎஸ்ஓ-25 ஸ்டைலில் டாலரன்ஸ் பிரிசிஷன் இரண்டு தசமம்தான். உள்ளே 0.022 என்று பத்திரமாக இருக்கும், வெளியே 0.02 என்று காட்டும். ஜி6-ல் 0.007 இருக்கிறதே, அது 0.01 ஆகிவிடும், அதைவிட ஆபத்து வேறு கிடையாது, ஏனென்றால் 0.01 என்பது பார்க்க நியாயமான அளவு மாதிரியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதே பக்கத்தில் ஜீரோ சப்ரஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் டிரெய்லிங் டிக் ஆகியிருந்தால் 0.020 என்பது 0.02 என்று சுருங்கிவிடும். மதிப்பு ஒன்றுதான், ஆனால் மேலே மூன்று இலக்கம் கீழே இரண்டு இலக்கம் என்று நின்றால் படிப்பவருக்குத் தடுமாறும். டிக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் பாருங்கள், ஐஎஸ்ஓ-25-ல் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். நம் ஊர்ப் பட்டறையில் 0,022 என்று கொடுத்தால் யார் படிப்பது? பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் டெசிமல் செபரேட்டரைப் புள்ளியாக மாற்றிவிடுங்கள்.

ஒரே அளவுக்கு மட்டும் போடுவது: மாடிஃபை கொடுத்தால் அந்த ஸ்டைலில் உள்ள எல்லா அளவும் மாறும், அது அதன் வேலை. ஓவர்ரைடு கொடுத்தால் பழையவை மாறாது, இனிமேல் போடுகிற எல்லாவற்றுக்கும் டாலரன்ஸ் ஒட்டும், வேறு ஸ்டைலைக் கரண்ட் ஆக்கும்வரை. நான் செய்வது இரண்டும் இல்லை. ஒவ்வொரு ஃபிட்டுக்கும் ஒரு ஸ்டைல் தனியாக வைத்திருக்கிறேன், பி6 என்றால் அதற்கென்று ஒன்று, விட்டத்தோடு சேர்த்துப் பெயர் வைத்து. டெம்ப்ளேட்டில் சேமித்து வைத்துவிட்டால் ஆயுசுக்கும் வேலை மிச்சம்.


லேத்_பட்டறை எழுதியது:

தம்பி, நான் டிராயிங் போடுகிறவன் இல்லை, டிராயிங் படித்து வெட்டுகிறவன். 26 வருடமாக லேத். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பிரிண்டைப் பார்த்த டர்னர் ஏன் 25.00-க்கு வெட்டினார் தெரியுமா? +0.035, -0.022 என்றால் மொத்தம் 57 மைக்ரான் (0.057 மில்லி) இடம் இருக்கிறது. அவ்வளவு இடம் கொடுத்தால் எந்த டர்னரும் நடுவில் நிற்கத்தான் பார்ப்பார், அதுதான் நல்ல பழக்கம். உண்மையில் உங்களுக்கு வேண்டியது 13 மைக்ரான் இடைவெளி. ஒரே ஒரு குறி மாறியதில் வேலையின் தன்மையே மாறிவிட்டது. 13 மைக்ரான் என்று தெரிந்திருந்தால் அவர் கடைசி வெட்டை வேறு மாதிரி எடுத்திருப்பார், அளக்க 0.01 மைக்ரோமீட்டரை எடுத்திருக்க மாட்டார், 0.001 காட்டுகிறதைத் தேடியிருப்பார்.

என்னைக் கேட்டால் பிளஸ் மைனஸே வேண்டாம். மெத்தடில் லிமிட்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்று என் மகன் காட்டினான், அதைப் போட்டால் 25.035, கீழே 25.022 என்று முழு அளவாகவே வரும். மெஷின் முன்னால் நின்றுகொண்டு, எண்ணெய்க் கையோடு, 25-ல் 0.022-ஐக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நல்லது, குறி தப்பாகப் போயிருந்தால் 24.978 என்று வந்து நின்றிருக்கும், அழுத்தி ஏற்றுகிற புஷ் 25-க்கும் கீழே எப்படி என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

அப்புறம் சூடு. இதை டிராயிங் ஆட்கள் யோசிப்பதில்லை. டிராயிங்கில் போடும் அளவெல்லாம் 20 டிகிரிக்கு. சித்திரை வைகாசியில் நம் பட்டறையில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? அதைக்கூட விடுங்கள், துளையும் புஷ்ஷும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. வெட்டி முடித்த கையோடு அளப்பதுதான் கெடுதல். 25 மில்லி வெண்கலம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.45 மைக்ரான் வீங்கும். புஷ் 60 டிகிரியில் இருக்கிறது, அறை 35 என்றால், 11 மைக்ரான் போச்சு. உங்கள் 13-ல் 11. அளக்கும்போது 25.028 என்று அருமையாகக் காட்டும், டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் 25.017. தண்ணீரில் போட்டு ஆறவைத்து, துடைத்து, கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.


திருமங்கலம்_டிராஃப்ட் எழுதியது:

அண்ணே இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லோயரில் -0.022 அடித்ததும் +0.022 என்று வந்துவிட்டது. இரண்டு நாள் தூக்கம் போனது இந்த ஒரு குறிக்காக.

சூடு விஷயம் எனக்கு முற்றிலும் புதிது, நாளைக்கே எங்கள் டர்னரிடம் பேசுகிறேன். கையால் எழுதியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது ஓகேவா? படத்தில் இன்னும் நாலைந்து அளவு அப்படி இருக்கிறது.


வரைபலகை_மேலூர் எழுதியது:

ஓகே இல்லை தம்பி. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான், மைனஸ் குறி அடுத்ததுதான்.

25-ஐ அழித்துவிட்டு நீங்களே 25 என்று எழுதினால், அந்த நொடியிலிருந்து அது அளவு இல்லை, வெறும் எழுத்து. நாளைக்கு யாராவது புஷ்ஷை 28 ஆக்கி ஸ்ட்ரெட்ச் செய்தால் கோடு நகரும், அம்புக்குறி நகரும், எழுத்து மட்டும் 25 என்றே நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு பிராக்கெட்டின் துளை மையம் இப்படித்தான் 60 என்று எழுதப்பட்டு, படம் 64 ஆன பிறகும் 60 என்றே நின்றது. லேசரில் வெட்டக் கொடுத்தவர்கள் கோப்பை அனுப்பினார்கள், அது 64-க்கு வெட்டியது. துளை போட்டவர் பிரிண்டைப் பார்த்தார், அவர் 60-க்குப் போட்டார். இரண்டு பேரும் சரியாகச் செய்தார்கள், பொருள் சேரவில்லை.

கையால் எழுதியே ஆக வேண்டும் என்றால் <> என்ற இரண்டு குறியையும் அழிக்காமல் விட்டு, அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு குறிதான் அளந்த மதிப்பு உட்காரும் இடம். அதன் பின்னால் +0.035^+0.022 என்று அடித்து, அதை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டாக் கொடுத்தால் ஒன்றின்மேல் ஒன்றாக வந்துவிடும். இதில் ஒரு நன்மை, நீங்கள் அடிக்கிற குறிதான் வரும், மறைந்து நிற்கிற மைனஸ் கிடையாது. ஏற்கனவே எழுதியதைச் சரிசெய்ய, அளவைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் 1 அழுத்தி பிராப்பர்டீஸ் திறந்து, டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற பெட்டியைக் காலியாக்குங்கள், உண்மை அளவு தானாகத் திரும்பி வரும். எக்ஸ்பிரஸ் டூல்ஸ் போட்டிருந்தால் டிம்ரீஅசாக் என்ற கட்டளை இருக்கிறது, எல்லா அளவையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதைக் கொடுத்தால் கையால் எழுதியவை எல்லாம் அளந்த மதிப்புக்குத் திரும்பும். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது மாறியது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், மாறியதெல்லாம் தப்பு ஒளிந்திருக்கக்கூடிய இடம்.

புதூர் அண்ணன் சொன்ன தனித்தனி ஸ்டைல் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே ஃபிட் திரும்பத் திரும்ப வருகிற பட்டறைக்கு அது சரி. ஆனால் பி6-ன் எண்கள் விட்டத்தைப் பொறுத்து மாறும். 25-க்கு +0.035, +0.022 என்றால் 40-க்கு +0.042, +0.026. 25-க்கு என்று வைத்த ஸ்டைலை அவசரத்தில் 40 மில்லி தண்டுக்குப் போட்டுவிட்டால் மென்பொருள் வாய் திறக்காது, அதற்கு ஃபிட் என்றால் என்ன என்றே தெரியாது, நாம் கொடுத்த இரண்டு எண்ணை எழுதிக் காட்டும், அவ்வளவுதான். நான் எப்போதும் அந்த ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸில் டாலரன்ஸ் பகுதியில் மட்டுமே மாற்றுகிறேன். அதே டாலரன்ஸ் வேறு அளவுக்கும் வேண்டுமென்றால் மேட்ச் பிராப்பர்டீஸ் போதும், ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்கல் டூல்செட் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே பவர் டைமென்ஷனில் பி6 என்று தேர்ந்தெடுத்தாலே விட்டத்தைப் பார்த்து எண்களை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மடங்கு பெரிதாக்கி டீட்டெயில் வரைகிறவர்களுக்கு ஒரு சொல். ஸ்கேல் ஃபேக்டரை 0.5 என்று வைத்தால் அளவு மட்டும்தான் பாதியாகும், டாலரன்ஸ் எண்கள் அப்படியே இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அது பாதியாகிவிடுமோ என்று நினைத்து இரட்டிப்பாக அடித்து வைத்த டிராயிங்கை நான் பார்த்திருக்கிறேன்.


புதூர்_வரைவாளர் எழுதியது:

மேலூர் சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் வருவது பெரும்பாலும் நாலே விட்டம், அதனால் ஸ்டைல் முறை ஒத்துப்போகிறது. பலவிதமான ஜாப் வருகிற இடத்தில் பிராப்பர்டீஸ்தான் பத்திரம். ஆனால் ஒன்று, பிராப்பர்டீஸில் லோயர், அப்பர் இரண்டும் வரிசை மாறி, லோயர் முதலில் இருக்கும். பழக்கத்தில் மேலே இருப்பதுதான் அப்பர் என்று அடித்துவிட வேண்டாம்.


ரப்பர்_அச்சு எழுதியது:

இந்தப் பேச்சுக்குள் ரப்பர்காரனும் நுழையலாமா? மதுரையில் என்னைப் போல ரப்பர் மோல்டிங் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், எங்களுக்கு வருகிற டிராயிங்கில் பாதி, இரும்புக்குப் போட்ட ஸ்டைலிலேயே வருகிறது. ஒரு ரப்பர் வாஷருக்கு ±0.02 என்று. வெர்னியரின் தாடையை வைத்தாலே ரப்பர் அமுங்கி அதைவிட அதிகம் மாறும். அச்சிலிருந்து வெளியே எடுத்ததும் சுருங்கும், எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது. ரப்பருக்கென்றே ஐஎஸ்ஓ 3302-ல் எம்1 முதல் எம்4 வரை டாலரன்ஸ் வகுப்பு இருக்கிறது, பட்டியலைப் பார்த்து எம்3 என்றோ எம்2 என்றோ டைட்டில் பிளாக்கில் ஒரு வரி எழுதினால் போதும்.

இது தம்பிக்கும் பொருந்தும். சேம்ஃபருக்கெல்லாம் டாலரன்ஸ் ஒட்டியது என்று எழுதியிருந்தீர்கள். எந்த அளவு வேறொரு பொருளோடு சேர்கிறதோ அதற்கு மட்டும் தனியாகப் போடுங்கள், மற்றதற்கெல்லாம் பொதுக் குறிப்பு ஒன்று, ஐஎஸ்ஓ 2768-எம் என்று. அதன்படி 6-க்கு மேல் 30 வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3. உங்கள் புஷ்ஷின் நீளத்துக்கு அதுவே தாராளம். எல்லா அளவிலும் மைக்ரான் கணக்குப் போட்டால் எது முக்கியம் என்று டர்னருக்கு எப்படித் தெரியும்? விலையும் ஏறும்.


லேத்_பட்டறை எழுதியது:

ரப்பர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு.

திருமங்கலம் தம்பிக்கு இன்னொன்று, மறந்தே போனேன். புஷ்ஷின் உள் விட்டம் என்ன போட்டிருக்கிறீர்கள்? அழுத்தி ஏற்றியதும் வெளியே இறுகுகிற அளவில் பெரும்பகுதி உள்ளே சுருங்கும். வெளியே நிற்கும்போது சரியாக இருந்த துளை, கவருக்குள் போனதும் தண்டைப் பிடிக்கும். பிறகு எல்லாரும் தண்டைக் குறை சொல்வார்கள்.


திருமங்கலம்_டிராஃப்ட் எழுதியது:

அண்ணே, உள் விட்டம் 18 எச்7 என்று போட்டு, முழுதாக முடித்தே ஏற்றச் சொல்லியிருந்தேன். நல்ல வேளை கேட்டீர்கள். இப்போது வெட்டும்போது உள் விட்டத்தை 17.8 என்று விட்டுவிட்டு, "கவரில் அழுத்திய பின் 18 எச்7-க்கு ரீமர் செய்யவும்" என்று குறிப்பு சேர்த்திருக்கிறேன் (ரீமர் என்பது துளையைச் சரியான அளவுக்கு முடிக்கும் கருவி), அசெம்பிளி படத்திலும் அதே +0.018, 0 போட்டிருக்கிறேன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதிய அளவு நாலைந்து என்று நினைத்தேன், டிம்ரீஅசாக் கொடுத்துப் பார்த்தால் ஒன்பது. அதில் ஒன்று உண்மையிலேயே மாறியிருந்தது, ஃபிளாஞ்சின் தடிமன் படத்தில் 6, எழுத்தில் 5. வெளி விட்டத்துக்கு லிமிட்ஸ் போட்டேன், 25.035, 25.022. டர்னர் பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு 0.001 மைக்ரோமீட்டர் வேண்டும் என்று அவராகவே கேட்டார், முதலாளி பக்கத்துப் பட்டறையில் வாங்கிக் கொடுத்தார். இன்று காலை ஆறு புஷ் முடிந்தது. ஆறவைத்து அளந்ததில் 25.026-லிருந்து 25.031-க்குள் இருக்கிறது. ஒன்றைக் கவரில் வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தேன், வாயிலேயே நின்றுவிட்டது. மதியம் பிரஸ்ஸில் ஏற்றுகிறார்கள்.